வாழிடம்: மெற்றில்டாவின் வாய்

சட்டத்தை எழுதியவர்கள் குளங்களை நினைத்துத்தான் எழுதினார்கள். குகைகளை, மலைச் சுனைகளை, தனித்து நிற்கும் ஒரு மரத்தின் பொந்தை நினைத்து எழுதினார்கள். ஓர் உயிரினம் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் மிஞ்சியிருந்தால் அந்த இடத்தை யாரும் மாற்றக் கூடாது. தண்ணீர் இறைக்கக் கூடாது, மருந்து தெளிக்கக் கூடாது, காவல் போட வேண்டும். தவளைகளும் தேனீக்களும் கண்முன்னே மறைந்துபோன பிறகு, அழுதுகொண்டே கொண்டுவந்த சட்டம் அது. நல்ல சட்டம். அந்த ஒரே இடம் ஒரு பெண்ணின் வாயாக இருக்கக்கூடும் என்று மட்டும் அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை.

தூத்துக்குடி மட்டக்கடையில், மெற்றில்டாவின் வீட்டு வாசலில் ஒரு காவலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததற்கு இதுதான் காரணம்.

மெற்றில்டா ஒரு கடையில் மக்ரூன் போடுகிறவள். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரை கட்டும்வரை அடித்து, முந்திரிப் பொடி கலந்து, தாள் கூம்பில் பிழிந்து வைப்பதில் அவள் கைக்குத் தனி மதிப்பு இருந்தது. நாற்பதை நெருங்கும் வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா விட்டுப்போன சின்ன வீட்டில் தனியாக இருந்தாள். ஒருமுறை பல்வலி என்று போனபோது பல் டாக்டர் அவள் ஈறைச் சுரண்டி எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்பினார். அது அங்கே நுண்ணுயிர்களை ஆராயும் இசக்கிராஜாவின் நுண்ணோக்கியின் கீழே வந்து சேர்ந்தது.

சாட்டை போன்ற இழைகளை வீசி நீந்தும் கசையுயிரி மனித வாயில் இருப்பது புதிய செய்தி அல்ல. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கில், அழுக்கைத் தின்றுகொண்டு ஒரு வகை காலங்காலமாக வாழ்ந்தது. அதற்கு முன்பக்கம் நான்கு கசையிழைகள். அதன் உறவு ஒன்று குடலில் வாழ்ந்தது. அதற்கு ஐந்து. வீரியமான வாய்க்கழுவிகள் வீட்டுக்கு வீடு வந்த பிறகு வாயில் இருந்தவை அருகிப்போயின. மெற்றில்டாவின் ஈறிலிருந்து வந்ததோ முன்னால் ஐந்து இழைகளும் பின்னால் இரண்டுமாக, ஓரத்தில் மெல்லிய சவ்வு அலைய, துறைமுகம் விட்டுக் கிளம்பும் தோணிபோல ஆடி ஆடிப் போனது. உடம்பு குடல்வாசியின் உடம்பு, குடித்தனம் வாயில். இசக்கிராஜா அதைத் தனிப் பேரினம் என்று வகைப்படுத்தி லத்தீனில் பெயர் வைத்தான். ஆய்வகத்தில் எல்லோரும் அதைத் தோணி என்றே கூப்பிட்டார்கள்.

அந்தப் பெயரை வைத்த நாளில் அவன் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக்கொடுத்தான். சட்டம் அவன் நினைவில் இருக்கவில்லை. அந்தச் சட்டத்தைக் காக்கும் ஆணையம் நினைவில் வைத்திருந்தது.

"வாங்க சார். சுரண்டுத டாக்டர் வந்தாச்சு," என்றாள் மெற்றில்டா, மாதிரி எடுக்க வந்த இசக்கிராஜாவிடம். காவல் போட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. இப்போது இடது தாடை வீங்கி, பாதி வாயால்தான் அவளால் பேச முடிந்தது.

"நான் டாக்டர் இல்லக்கா."

"டாக்டரா இருந்தா மருந்து குடுத்திருப்பிய."

அவன் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் வாயைத் திறக்கச் சொன்னான். இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. போன முறை வந்தபோது வீக்கம் தாடையோடு நின்றிருந்தது. இப்போது கழுத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது.

"காய்ச்சல் இருக்கா?"

"சாயங்காலமானா குளிருது. உப்புத்தண்ணி கொப்பளிக்கச் சொன்னாங்க, கொப்பளிக்கேன். ஊரைச் சுத்தி உப்பளம், அந்த ஒரு மருந்துக்கு மட்டும் பஞ்சமில்ல."

சீழ் தாடையெலும்பைத் தாண்டிக் கழுத்துக்குள் போனால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்று அவளைப் பார்க்கும் மருத்துவர் சொல்லியிருந்தார். தடுப்பதற்குத் தேவையான மாத்திரை எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பது. வயிற்றுப்போக்குக்கு வாங்கிப் போடுவது. சீழையும் போக்கும், தோணியையும் கூண்டோடு கொல்லும். அதனால் மெற்றில்டாவுக்கு மட்டும் அதை விற்கக் கூடாது, சீழைக் கீறி எடுக்கவும் கூடாது.

"தோணிக்கு நான்தான் கடலுன்னு சொன்னிய. சரி. கடலுக்குக் காய்ச்சல் வந்தா யாரு சார் பாப்பா?"

அவன் மாதிரிக் குப்பியை மூடினான்.

"நீங்கதான பேரு வச்சிய. அழிச்சிருங்களேன். இது அந்த நாலு வால் உள்ளதுதான், எண்ணத் தெரியாம எண்ணிட்டேன்னு சொல்லிருங்க."

"நான் மட்டும் எண்ணலக்கா. ஜப்பான்ல எண்ணிட்டாங்க, பிரேசில்ல எண்ணிட்டாங்க. இப்ப நான் நாலுன்னு சொன்னாலும் அது அஞ்சுதான்."

"அப்ப வேற யாரு வாயிலயாவது கொண்டுபோய் விடுங்க."

"விட்டுப் பாத்தோம்ல. இருபது பேருக்கு. ஒருத்தர் வாயிலயும் அது நிக்கல. அதனாலதான் உங்க வாயைத் தவிர வேற எங்கயும் வாழாதுன்னு எழுதிட்டாங்க."

காவலாளி பேச்சிமுத்து தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். மெற்றில்டா பானையிலிருந்து மொண்டு டம்ளரில் கொடுத்தாள். அவர் தலையை அண்ணாந்து, டம்ளரை உதட்டுக்கு ஒரு சாண் மேலே தூக்கி, ஒரு சொட்டுச் சிந்தாமல் தொண்டைக்குள் இறக்கினார்.

"பாத்தியளா? இந்த வீட்டுத் தண்ணிய எத்தன வருசமா குடிக்காரு. ஒரு நாள் டம்ளர்ல வாய் வைக்கல. தோணி தொத்திக்கிடும்னு பயம்."

"யம்மா, அப்படிச் சொல்லாதிய. எங்க வீட்லயும் எனக்கு இப்படித்தான்." பேச்சிமுத்துவுக்கு வெட்கமாகிவிட்டது. "கலியாணத்தன்னைக்கு ஒரே டம்ளர்ல பால் குடுத்தாங்க பாருங்க, அதையே நான் அண்ணாந்துதான் குடிச்சேன். பாதிப் பால் எம் பொண்டாட்டி பட்டுச்சேலையில. வாய் வச்சுக் குடின்னு சொன்னாலும் வராது சார். கை தானா மேல போயிரும்."

மெற்றில்டா சிரிக்கப்போய் வலியில் தாடையைப் பிடித்துக்கொண்டாள். இசக்கிராஜா சிரிக்கவில்லை. காலி டம்ளரின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆய்வகத்துக்குத் திரும்பி, பரிசோதனையின் காணொளியைத் திறந்தான். ஏற்கெனவே பலமுறை பார்த்ததுதான். ஒருவரின் வாயில் உயிரியை நேரடியாகத் தடவ மருத்துவ நெறிமுறைக் குழு சம்மதிக்கவில்லை. இயல்பாகப் பரவும் வழியில்தான் பரவ வேண்டும் என்றது. அதனால் வெளிநாட்டு வல்லுநர்கள் ஒரு முறையை வகுத்து அனுப்பினார்கள். குவளையின் விளிம்பில் மெற்றில்டாவின் உமிழ்நீர் ஈரமாகப் படிந்திருக்கும். உள்ளே சுத்தமான தண்ணீர். தோணி வெறும் தண்ணீரில் விழுந்தால் வீங்கி வெடித்துவிடும். விளிம்பின் ஈரத்திலிருந்து உதட்டுக்கு நேராக ஏற வேண்டும். தன்னார்வலருக்கான கட்டளை ஒரே வரி: குவளையிலிருந்து நீர் அருந்துக.

முதலில் ஒரு கல்லூரிப் பெண். செவிலி பயபக்தியோடு டம்ளரை நீட்டினாள். பெண் வாங்கி, அண்ணாந்து, உயர்த்திக் குடித்தாள். அடுத்து ஒரு பேருந்து நடத்துநர். அண்ணாந்து, உயர்த்தி. அடுத்தவர் மீசையில்கூடப் படாமல் குடித்தார். ஒவ்வொருவர் குடித்து முடித்ததும் செவிலி தலையாட்டினாள். இருபது பேர். ஓர் உதடுகூட விளிம்பைத் தொடவில்லை.

அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு காணொளியை நிறுத்திப் பார்த்தான். திரையின் ஓரத்தில் அவனும் நின்றுகொண்டிருந்தான், எல்லாம் சரியாக நடக்கிறது என்ற முகத்தோடு. அந்த அறையில் இருந்தவர்களுக்கு அதில் பார்க்க என்ன இருந்தது? தண்ணீர் குடித்தார்கள், அவ்வளவுதான். வெளிநாட்டுக்காரர்கள் முடிவை மட்டும்தான் பார்த்தார்கள்.

சென்னையிலிருந்த ஆணையத்தின் தலைவர் வசுந்தராவைக் கூப்பிட்டுச் சொன்னான்.

"நீங்க சொல்றது புரியுது, இசக்கி. அப்படியும் இருக்கலாம். மறுபடி பரிசோதனை வைக்க ஏற்பாடு பண்றேன். நெறிமுறைக் குழு கூடணும், புதுசா ஆள் எடுக்கணும்..."

"எவ்வளவு நாள் மேடம்?"

"ரெண்டு மாசத்துல முடிச்சிரலாம்."

"அவங்க கழுத்து வரைக்கும் வீங்கிருச்சு மேடம். அவ்வளவு நாள் தாங்க மாட்டாங்க."

"நான் என்ன கல்லா? எனக்கு மட்டும் தூக்கம் வருதுன்னு நினைக்கிறீங்களா?" என்றார் அவர். "இன்னைக்கு ஒரு மனுஷிக்காக வளைச்சா, நாளைக்கு ஒரு சுரங்கத்துக்காக வளைக்கச் சொல்லுவாங்க. அந்தச் சட்டத்துல ஒரு ஓட்டை விழாதான்னு எத்தனை பேர் வாசல்ல நிக்கிறாங்க தெரியுமா? இன்னொரு உடம்புல அது உயிரோட இருக்குன்னு காட்டுங்க. அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்."

அன்று மாலை வீட்டில், குழந்தை மகிழுக்குக் கோமதி பருப்புச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். மகிழ் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். ஒரு வாய் வாங்கிக்கொண்டு அறையைச் சுற்றிவிட்டு அடுத்த வாய்க்கு வருவாள். இசக்கிராஜா காணொளியின் கதையைச் சொன்னான். கோமதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் மீதியையும் சொன்னான். சிரிப்பு நின்றது.

"இன்னொரு உடம்புன்னா, யாரு உடம்பு?"

"என்னுதுதான்."

"சரி. அந்தக்கா மருந்து சாப்பிட்ட பிறகு?"

"ஒண்ணு மிஞ்சும்."

"அது நீங்க."

"ரெண்டு மாசத்துல மறுபடி பரிசோதனை இருக்கு. அப்புறம் நிறைய பேர் இருப்பாங்க."

"யாரு வருவா?" கோமதி சோற்றுக் கையை உதறினாள். "அப்ப வந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ஊருக்கு நல்லதுன்னு வந்தாங்க. இப்ப அந்தக்கா கதை தெரியாத ஆளு உண்டா? வாய் வச்சா வாசல்ல காவல்னு தெரிஞ்ச பிறகு எவன் வருவான்?"

மகிழ் வந்து வாயைத் திறந்தாள். கோமதி அவளுக்கு ஊட்டிவிட்டு, அவனைப் பார்க்காமல் சொன்னாள்: "அந்தக்கா செத்துட்டா இந்த வீட்ல சோறு இறங்காது. போயிட்டு வாங்க."

மறுநாள் காலையில் மெற்றில்டாவால் உட்கார முடியவில்லை. சுவரில் சாய்ந்திருந்தாள். அவன் சொன்னதைக் கேட்டதும் சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் சார். எச்சி."

"தெரியும்க்கா."

"சீழு வேற. உங்களுக்குப் பிள்ளை இருக்கு."

"ஒரு வாய்தான்க்கா. குடிச்சிட்டுக் குடுங்க."

அவள் டம்ளரை வாங்கினாள். உதட்டருகே கொண்டுபோய்விட்டு நிறுத்தினாள். "சின்னதுல வாய் வச்சுக் குடிச்சா எங்கம்மா புறங்கையில அடிக்கும்," என்று முணுமுணுத்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, வலிக்கும் ஈறு விளிம்பில் அழுந்த, ஒரு மிடறு குடித்தாள்.

இசக்கிராஜா வாங்கிக்கொண்டான். இந்த உயிரியின் ஒவ்வோர் இழையையும் வரைந்தவன் அவன். அதன் படத்தை மேசையில் சட்டம் போட்டு வைத்திருந்தவன். அது அழகானது என்று மாநாடுகளில் சொன்னவன். இப்போது விளிம்பில் பளபளத்த அந்த ஈரத்தைப் பார்த்ததும் அடிவயிற்றிலிருந்து குமட்டியது. எந்தப் படிப்புக்கும் முன்னால் உடம்புக்குள் போய் உட்கார்ந்துவிட்ட ஒன்று, வேண்டாம் வேண்டாம் என்றது.

"சார்," என்றார் வாசலிலிருந்து பேச்சிமுத்து. "கை மேல போவுது."

உண்மைதான். டம்ளர் அவன் நெற்றிக்கு நேராக இருந்தது. மெற்றில்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபமில்லை. பழகிப்போன ஓர் அவமானம் மட்டும் இருந்தது. அவன் கையைக் கீழே கொண்டுவந்தான். விளிம்பில் அவள் வாயின் சூடு இன்னும் இருந்தது. உதட்டை வைத்துக் குடித்தான். உப்பும் அழுகலுமாக ஏதோ நாக்கில் பட்டது. விழுங்கினான். மறுநாளும் வந்து குடித்தான், அதற்கடுத்த நாளும்.

அந்த வாரம் முழுக்க அவன் தன் ஈறைத் தானே சுரண்டிப் பார்த்தபடி இருந்தான். ஒன்றுமில்லை. மெற்றில்டா பேசுவதை நிறுத்திக் கையால் காட்டத் தொடங்கினாள். தூங்கினால் மூச்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தே இருந்தாள். ஒருவேளை அந்த இருபது பேரும் வாய் வைத்துக் குடித்திருந்தாலும் இது இப்படித்தான் முடிந்திருக்குமோ, அவள் வாயைத் தவிர வேறெங்கும் அது வாழாதுதானோ என்ற பயம் அவனைத் தின்றது. ஒரு காலையில் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒன்று அசைந்தது. முன்னால் ஐந்து, பின்னால் இரண்டு. ஆடி ஆடி வெளிச்சத்துக்குள் வந்தது.

வசுந்தரா சொன்ன சொல் தவறவில்லை. அன்று மதியமே மெற்றில்டாவுக்கு முதல் மாத்திரை கொடுத்தார்கள். கழுத்தைக் கீறிச் சீழை எடுத்தார்கள். வீக்கம் வடிந்து, சில நாட்களில் அவள் கஞ்சி குடித்தாள். அடுத்து எடுத்த மாதிரியில் தோணி இல்லை.

"வாய் காலியா இருக்கமாதிரி இருக்கு சார்," என்றாள் தொலைபேசியில். பிறகு அழுதாள். நாளையிலிருந்து கடைக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

பேச்சிமுத்து தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இசக்கிராஜாவின் வாசலுக்கு வந்தார். "மன்னிச்சுக்கிடுங்க சார், உத்தரவு," என்றார்.

அனுமதி இல்லாமல் தோணியை இன்னொரு வாய்க்கு மாற்றுவது இனிமேல் குற்றம் என்று ஆணையம் அறிவித்தது. அவன் செய்ததைப் போல வேறு யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காக. அவன் ஊரைத் தாண்டக் கூடாது. பல் டாக்டரிடம் போகக் கூடாது. மாத்திரை எதுவும் அந்த விலாசத்துக்கு விற்கப்படாது. நுண்ணோக்கியை வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும்படி. மறுபரிசோதனைக்கு விளம்பரம் கொடுத்தார்கள். கோமதி சொன்னதுபோல ஒருவரும் வரவில்லை.

மழைக்காலம் வந்தபோது அவனுடைய கடைவாய்ப் பல்லுக்குக் கீழே லேசாக வலி தொடங்கியது. பல் தேய்க்கும்போது இரத்தம் கசிந்தது. கோமதியிடம் சொல்லவில்லை.

மகிழுக்கு அப்போது ஒரு விளையாட்டுப் பிடித்திருந்தது. ரஸ்க்கைத் தன் வாயில் ஊறவைத்து, அதை எடுத்து அடுத்தவர் வாயில் திணிப்பாள். அவர் கடித்ததும் பிடுங்கி மறுபடி தன் வாயில் போட்டுக்கொண்டு சிரிப்பாள். எச்சில் என்றால் என்னவென்று இன்னும் யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அவள் வரும்போதெல்லாம் இசக்கிராஜா முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவள் உதட்டைப் பிதுக்குவாள். ஒரு மதியம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டான். விழித்தபோது அவன் பற்களுக்கிடையில் ஈரமான ரஸ்க் இருந்தது. பிடுங்குவதற்குள் மகிழ் அதை இழுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

நாட்கள் கழித்து, அவள் தூங்கும்போது, புதிதாக முளைத்திருந்த பற்களின் ஓரத்தைப் பஞ்சுக்குச்சியால் மெல்லத் தொட்டு எடுத்தான். கண்ணாடித் தகட்டில் தேய்த்து, கண்ணை வைத்தான். கோமதி அவன் தோளருகே வந்து நின்றாள்.

"இருக்கா?"

"இருக்கு."

அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். பிறகு அவள் குரலில், அவனுக்கே வியப்பாக, ஒரு வெளிச்சம் வந்தது. "அப்ப ரெண்டு பேரு. ஒரே இடம்னாத்தான சட்டம்? நீங்க டாக்டர்ட்ட போகலாம். பல்லு வலிக்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ராத்திரி தாடையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படுக்கிறீங்க."

"அவ பேரைப் பதியணும், கோமதி."

"பதிஞ்சா என்ன? ரெண்டு பேர் இருக்கிறவரைக்கும் யாரையும் ஒண்ணும் பண்ணாதே."

"நான் மருந்து சாப்பிட்டா அவ ஒருத்திதான். சாப்பிடலன்னாலும் நான் அவளுக்கு முன்னாடி போயிருவேன்."

கோமதி கட்டிலில் தூங்கும் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். வாசலில் பேச்சிமுத்து யாரோடோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

"அவளுக்கு மாத்திரை குடுத்துருவோம்," என்றாள் தாழ்ந்த குரலில். "எங்கயாவது வாங்கி."

"இந்த வீட்டுக்காரங்க எங்க கேட்டாலும் யாருக்குன்னு கேப்பாங்க. அவ பேரைச் சொன்னா, நோவு உள்ள எனக்கு மருந்து குடுத்துட்டு அவளைத்தான் வச்சுக்குவாங்க."

தொலைபேசி அடித்தது. வாராவாரம் வசுந்தராவிடமிருந்து வரும் அழைப்புதான்.

"எப்படி இருக்கீங்க இசக்கி? வாயெல்லாம் நல்லா இருக்கா?"

அவன் நாக்கின் நுனியால் கடைவாயைத் தொட்டான். ஈறு மெத்தென்று புடைத்திருந்தது.

"நல்லா இருக்கு மேடம்."

"வீட்ல வேற யாருக்கும் வந்திருக்கா? மறைக்காம சொல்லுங்க, இதுக்கு நான் வழக்குப் போட மாட்டேன். வந்திருந்தா உங்களுக்கு நல்ல செய்திதான். காவலை நாளைக்கே எடுத்துருவேன்."

அந்தப் பெண்மணி உண்மையாகவே அவனுக்கு நல்லது நினைத்தார். அது குரலில் தெரிந்தது. கோமதி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, குழந்தையின் வாயோரத்தில் வழிந்த நீரை முந்தானையால் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அவள் கண்ணில் எதுவும் இல்லை.

"இல்ல மேடம்," என்றான் இசக்கிராஜா. "நான் ஒருத்தன்தான்."

தொலைபேசியை வைத்துவிட்டு நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தான். மகிழின் வாயிலிருந்து வந்தது இன்னும் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டான். ஐந்து இழைகளும் ஒவ்வொன்றாக நிற்கும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.